ஆளில்லாத ஸ்டேஷனில் நிற்கிற ரயில்

ஜப்பானில் ஒரு ரயில்வே ஸ்டேஷனை எனக்கு நன்றாகத் தெரியும். என் பெரியம்மா வீட்டில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். அந்த ஸ்டேஷனில் குடை வைக்கும் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது, பெஞ்சில் எந்தப் பலகை மற்றதைவிட வெளுத்திருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் முதலில் எங்கே தேங்கும் என்பதையெல்லாம் யோசிக்காமல் சொல்வேன். அதன் பெயர் மட்டும் தெரியாது. பெயர்ப்பலகையை மறைத்துத்தான் வீடியோவை அனுப்புகிறார்கள்.

நான் ஜப்பானுக்குப் போனதில்லை. சென்னைக்கே நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன். பெரிய முதலியார்சாவடியில் ஒரு மாடியில் இருக்கிற ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஸ்டேஷனைப் பார்ப்பது என் வேலை. அங்கே கம்பத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அது எடுத்த படம் சத்தம் இல்லாமல் எங்களுக்கு வரும். படத்தில் ஆள் வந்தால் அந்த ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்தின் மேல் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறார், ஏறுகிறார், இறங்குகிறார், கீழே விழுந்துவிட்டார், ஆபத்து. இப்படி ஒரு பட்டியலை அவர்களே கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒட்டுகிற லேபிளைப் பார்த்துப் பார்த்து ஒரு மெஷின் படித்துக்கொள்ளும். பிறகு அந்த மெஷினே ஸ்டேஷனைக் கவனித்துக்கொள்ளுமாம்.

கவனித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது என்பதுதான் விஷயம். ஒரே ஒரு பிளாட்பாரம். அதன்மேல் ரேஷன் கடை அளவுக்கு ஒரு மர அறை. உள்ளே பெஞ்ச், பெஞ்சின்மேல் யாரோ வீட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்து போட்ட சின்னச் சின்ன மெத்தைகள். வெளியே கூல்டிரிங்ஸ் விற்கிற மெஷின், அதற்குப் பின்னால் வயல். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிக்கெட் கொடுப்பவர் இல்லை. பெருக்குவதற்குக்கூடச் சம்பள ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு நாள் ஓர் அம்மா பெருக்குவார், இன்னொரு நாள் வேறொருவர், ஆனால் துடைப்பம் ஒன்றே. பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை போட்டுச் செய்கிறார்கள் என்று நானாகவே கண்டுபிடித்தேன்.

என் அம்மா இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். உப்பளத்தில் மூட்டை பிடிக்கிற பெண்களிடம் "எம்பொண்ணு ஜப்பான் ரயில் ஸ்டேஷனைப் பார்த்துக்குது" என்று சொல்லியிருக்கிறாள். நான் கொடி காட்டினால்தான் ரயில் கிளம்பும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜை முடித்த முதல் ஆளும் நான்தான். அம்மா அதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் சொல்லட்டும்.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் வரும். ரயில் என்றால் ஒரே ஒரு பெட்டி. நடுப்பகலில் வருகிற ரயிலுக்குப் பெரும்பாலும் பிளாட்பாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், உள்ளேயிருந்து இறங்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ரயில் நிற்கும். முன்கதவு திறக்கும். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாராவது ஓடி வருகிறார்களா என்று பிளாட்பாரத்தை முழுசாகப் பார்ப்பார். பிறகு நேராக விரலை நீட்டித் தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொள்வது போலத் தலையாட்டுவார். கதவு மூடும், ரயில் கிளம்பும். இதையும் நான் பதிய வேண்டும். ரயில் வந்தது, கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

முதல் வாரம் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக மாறியது. ஏனென்றால் அன்று காலையில்தான் ஈசிஆர் ரோட்டில் நாங்கள் இத்தனை பேர் கை காட்டிக்கொண்டு நிற்க, டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. உப்பு வாருகிறவர்கள் விடியும் முன்பே நடந்து போய்விடுவார்கள், அப்பாவும் அதில் ஒருவர். அம்மாவின் கூட்டத்துக்குத் தள்ளி இருக்கிற ஷெட்டில் மூட்டை பிடிக்கிற வேலை. அதனால் அவர்களும் நானும் ஒரே பஸ்ஸுக்கு நிற்போம். அவர்கள் நடுவழியில் இறங்கிக்கொள்வார்கள், நான் முதலியார்சாவடி வரை போவேன். அந்த பஸ் நின்றால் நான் நேரத்துக்கு ஆபீஸ் போவேன். நிற்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் போய் எல்லோரும் வேலை ஆரம்பித்த பிறகு படியேறுவேன்.

ஏன் நிற்பதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அம்மா, தங்கள் கூடையையும் உப்புத் தண்ணீர் பட்ட சேலையையும் சொல்வாள். கூட்டத்தில் வாய் பெரிய ஓர் அத்தை உண்டு, அப்பா வழியில் தூரத்து உறவு. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் நம்மை ஏற்றி அவனுக்கு என்ன லாபம் என்பது அவள் கட்சி. நான் படித்தவள் அல்லவா, அதனால் நான் கண்டுபிடித்த காரணம் இவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. நாங்கள் தப்பான இடத்தில் நிற்கிறோம்.

அது உண்மையும்கூட. பஸ் ஸ்டாப் என்று ஒன்று எங்களுக்கு இருக்கிறது. வளைவு தாண்டி, மேலே ஒருவர் பெயர் பெரிதாக எழுதிய நிழற்குடை. உள்ளே ஆடுகள் படுத்திருக்கும். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பதால் யாரும் அங்கே போவதில்லை. ரோட்டோரம் கீற்று போட்டு மூடிய ஓர் உப்பு அம்பாரம் இருக்கிறது, டீக்கடை அதற்கு எதிரே. எல்லோரும் அம்பாரத்தின் நிழலில்தான் நிற்பார்கள். என் ஜப்பான் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் ஒரு குறி போட்டிருக்கிறார்கள். கதவு அந்தக் குறிக்கு நேராக வந்து நிற்கும், ஆட்களும் அந்தக் குறியில்தான் நிற்பார்கள். நாமும் ஸ்டாப்பில் நின்றால் டிரைவர் என்ன சாக்கு சொல்ல முடியும்?

இதையெல்லாம் எண்ணி நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு நாற்காலி. நாங்கள் போடுகிற லேபிள் சரியா தப்பா என்று பார்க்க ஆபீஸில் ஒரு செக்கர் உண்டு. இருந்தவர் கல்யாணமாகிக் கடலூர் போகிறார் என்றதும், எங்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் வேலை சுத்தம், உனக்குக் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன், ஆனால் செக்கர் வந்து அன்றைய வீடியோக்களைத் திறந்துவிட்டால்தான் மற்றவர்கள் ஆரம்பிக்க முடியும், இந்த மாசம் ஒரு நாள்கூட லேட் ஆகக் கூடாது என்றார். ஆகாதுக்கா என்றேன்.

அந்த நாற்காலி எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா வாரிய உப்பை வியாபாரியின் ஆள் வந்து கையில் அள்ளிப் பார்ப்பார். "மண்ணு ஏறிக்கிது" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் போவார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அது மண் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். இது சரி, இது தப்பு என்று சொல்கிற இடத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் உட்கார்ந்தது கிடையாது. ஜப்பான்காரன் பிளாட்பாரத்தைப் பற்றியாவது அதைச் சொல்கிற ஆளாக நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மேனேஜர் அக்கா ஆபீஸ் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கச் சொன்னார். பலர் அப்படித்தான் தங்குகிறார்கள். ஒரு பஸ் நிற்கவில்லை என்பதற்காக நான் ஏன் வீட்டை மாற்ற வேண்டும்? அப்பா, அளத்து சூப்பர்வைசர் தினமும் பாண்டிக்கு பைக்கில் போகிறார், சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். ஒருவர் பின்னால் உட்கார்ந்து போவதற்கா நான் இத்தனை வருஷம் படித்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஆகவே நிழற்குடைதான் வழி. அம்மாவிடமும் அத்தையிடமும் பேசினேன். நாளையிலிருந்து எல்லோரும் ஸ்டாப்பில் நிற்போம், வரிசையாக நிற்போம், கையெல்லாம் காட்ட வேண்டாம், சட்டப்படி அவன் நிறுத்தியே ஆக வேண்டும் என்றேன். அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "வரிசையில நின்னா நின்னுடுவானா?"

"நிக்கணும் அத்தை. அது ஸ்டாப்பு."

"சரிங்கடி, ஜப்பான்காரி சொல்லிட்டா. நாளைக்கு எல்லாரும் குறியில நில்லுங்க."

கேலி செய்தாலும் வந்தார்கள். எனக்காகத்தான் வந்தார்கள். கூடையும் சோற்று வாளியுமாக அவ்வளவு தூரம் நடந்து, ஆடுகளை விரட்டி, நிழற்குடைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வரிசை நேராக இல்லை என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பிடித்துத் தள்ளினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் வந்தது. வளைவுக்கு முன்னால், அம்பாரத்துக்கு நேராக, அழகாக நின்றது.

அங்கே ஏற ஒரு ஆள் இல்லை. நாங்கள்தான் இங்கே இருக்கிறோமே. டீக்கடைக்காரரின் மச்சான் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது, அவருக்காக நிறுத்தினார்கள். அவர் இறங்கினார், பையை வாங்கினார், வேட்டியைச் சரி செய்தார். ஆளில்லாத இடத்தில் கதவைத் திறந்துகொண்டு அந்த பஸ் நின்ற அழகை நான் என் ஸ்டேஷனில் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எல்லோரும் ஓடினோம். முன்னால் நான், பின்னால் வாளிகள் இடிபடுகிற சத்தம். பாதி தூரம் போவதற்குள் விசில் கேட்டது. பஸ் எங்களை நோக்கி வந்தது, ரோட்டின் நடுப்பக்கம் விலகி எங்களைத் தாண்டியது, யாரும் இல்லாத ஸ்டாப்பையும் தாண்டியது.

அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை சிரிக்கவில்லை. "நம்மள நிக்காத எடத்துல நிக்க வெச்சிட்ட. இத்தினி நாளா ஒரு நாளு நிப்பான், ஒரு நாளு போவான். இன்னிக்கி அவன் நின்னும் நமக்கு இல்ல" என்றாள். அவர்கள் ஷெட்டுக்கு நடந்தே போனார்கள். அன்று அவர்களுக்கு அரை நாள் கூலிதான் என்று சாயங்காலம் தெரிந்தது. அம்மா அதைச் சொல்லவில்லை, அத்தைதான் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

நான் படியேறியபோது எல்லோரும் வேலையை ஆரம்பித்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஸ்டாப், அம்பாரம், டீக்கடை மச்சான் என்று ஆரம்பித்து நானே பாதியில் நிறுத்திவிட்டேன். காதில் விழும்போதே எனக்கு அது அசட்டுத்தனமாக இருந்தது. செக்கர் நாற்காலி வானூர் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. அவள் ரூமில் தங்குகிறவள், ஆபீஸுக்கு நடந்தே வருவாள். நல்ல பெண். ஊறுகாய் கொண்டுவந்தால் முதலில் எனக்குத்தான் வைப்பாள். அவளைத் திட்டவும் வழியில்லை.

பஸ் பிரச்சினையை அத்தை தீர்த்து வைத்தாள். அவள் கண்டுபிடித்தது இதுதான். பாதிப் பேர் அம்பாரத்தில், பாதிப் பேர் வளைவு தாண்டி ஸ்டாப்பில். பஸ் யாருக்காகவாவது எங்காவது மெதுவாக்கியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்தில் முதல் ஆள் ஒரு காலைப் படியில் வைக்க வேண்டும், இன்னொரு காலை ரோட்டில் வைக்க வேண்டும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மற்றவர்கள் வந்து சேருகிறவரை அப்படியே நிற்க வேண்டும். "ஒரு கால் ரோட்டுல இருக்கிற வரைக்கும் எவனும் வண்டிய எடுக்க மாட்டான். எடுத்தா அவனுக்குத்தான் கேஸு" என்றாள். எனக்குக் கால் நீளம் என்பதால் வளைவுப் பக்கத்துக்கு முதல் ஆளாக என்னைப் போட்டாள். படித்ததற்கு இதாவது செய் என்றாள்.

பஸ் மரக்காணத்தில் கிளம்பாத நாளுக்கு அத்தையிடமும் மருந்து இல்லை. மற்ற நாளெல்லாம் நாங்கள் ஏறினோம். நான் நேரத்துக்குப் போக ஆரம்பித்தேன், நாற்காலி போன பிறகு.

இப்போது இன்னொரு நாற்காலி வந்திருக்கிறது. புதிதாக ஒரு பேட்ச் வீடியோ வருகிறது, அதற்கும் ஒரு செக்கர் வேண்டும். நேரம் சரியாக இருக்கிறது, இந்த மாசம் உன் வேலையில் தப்பு என்று திரும்பி வராமல் இருந்தால் போதும் என்று மேனேஜர் அக்கா சொன்னார். ஒன்றும் திரும்பவில்லை. போன வாரம் வரை.

போன வாரம் என் ஸ்டேஷனில் மழை. காலை ரயில் வந்து நின்றது. பிளாட்பாரத்தில் ஒரே ஒரு பெண், கறுப்புப் பை, வேலைக்குப் போகிற உடை. முகத்தை மங்கலாக்கித்தான் அனுப்புவார்கள், வயது தெரியாது. என் வயதுதான் என்று எனக்குத் தோன்றும். தினமும் ஏறுகிறவள். அவள் கதவுக்குள் ஒரு காலை வைத்தாள். பிறகு திரும்பி வயல் பக்கம் பார்த்தாள். இன்னொரு கால் பிளாட்பாரத்திலேயே இருந்தது. குடையை மடக்காமல் அப்படியே நின்றாள். படத்தின் மூலையில், வரப்பு மேல் ஒரு கிழவர் கைத்தடியோடு வந்துகொண்டிருந்தார். ஓடுவதாக அவருக்கு நினைப்பு, நடைதான். டிரைவர் தலையை நீட்டி அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கிழவர் வந்து சேருகிறவரை ரயில் நின்றது. கிழவர் ஏறின பிறகு அவள் இன்னொரு காலை எடுத்தாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் என்ன என்று கேட்டாள். சொன்னால் புரியாது என்று திரையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டு "ஏறுகிறார்" என்று ஒட்டினேன். கிழவருக்கும் அதுவே. மறுநாள் அது சிவப்பாகத் திரும்பி வந்தது. கதவில் தடை, ஒரு கால் வெளியே, இதற்கு லேபிள் "ஆபத்து" என்று செக்கர் எழுதியிருந்தாள். நான் மாற்றாமல் திருப்பி அனுப்பினேன். அவள் மறுபடியும் அனுப்பினாள். மூன்றாவது தடவை மேனேஜர் அக்காவே வந்து என் பின்னால் நின்றார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார். நல்ல பொண்ணுதான், தாத்தாவுக்காக நிக்குது என்றார். பிறகு பட்டியலை விரித்தார். கால் வெளியே இருந்தால் ஆபத்து என்றுதான் அதில் இருந்தது. நாம இத மாத்த முடியாதும்மா, நீ மாத்திடு, இதுக்காக நாற்காலிய விடாத என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆபத்து என்று நான் ஒட்டினால் மெஷின் அதைப் படித்துக்கொள்ளும். நாளைக்கு அந்தப் பெண் காலை வைத்தால் ஏதாவது மணி அடிக்கும், கதவு மூடும், கிழவர் வரப்பிலேயே நின்றுவிடுவார். அப்படி ஆகுமோ ஆகாதோ, எனக்குத் தெரியாது. மெஷினை வைத்து என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு உப்பு தெரிகிற மாதிரி தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அன்று வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை பஸ் வளைவில்தான் மெதுவானது. நான் காலைப் படியில் வைத்தேன். அம்பாரத்துப் பக்கமிருந்து அம்மாவும் மற்றவர்களும் வாளிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். அம்மா முழங்கால் வலியில் கடைசியாக வந்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, கால எடு. ஏறு, இல்ல எறங்கு. அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"ஆளு ஏறுதுங்க" என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். இன்னும் எத்தினி பேரு என்று கேட்டார். ஒரே ஒருத்தருங்க என்றேன். அம்மா என் தோளைப் பிடித்து ஏறினாள். அதற்குப் பிறகுதான் நான் காலை எடுத்தேன்.

ஆபீஸில் மேனேஜர் அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"மாத்திட்டியா?"

"இல்லக்கா. அது ஏறுறதுதான்."

சரி, உன் இஷ்டம் என்று போய்விட்டார். இந்த நாற்காலியும் எனக்கு இல்லை என்று அவர் நடந்த விதத்திலேயே தெரிந்தது. செக்கர் பெண் எட்டிப் பார்த்து, கோவமா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கோபம்தான்.

அடுத்த வீடியோ திறந்தது. நடுப்பகல், வெயில். பெஞ்ச் மெத்தைகளை யாரோ வெளியே காயப் போட்டிருந்தார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது. டிரைவர் தலையை நீட்டி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தார். யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.